எலியின் நான்கு நாட்கள்: இனப்பெருக்க ஹார்மோன் சுழற்சியும் மூளையின் வேதியியலும்

முதிர்ந்த பெண் எலியின் மூளை நான்கு அல்லது ஐந்து நாட்களுக்கு ஒருமுறை தன் வேதியியலை மாற்றிக்கொண்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இனச்சேர்க்கையை ஆளும் சில நரம்புத் தொகுதிகளோடு அந்த மாற்றம் நின்றுவிடுவதில்லை. நினைவைப் பதிக்கும் பகுதி, அச்சத்தை அடக்கும் பகுதி, விரும்பியதை நாடத் தூண்டும் பகுதி, மணத்தை உணரும் புலன் ஆகிய அனைத்தும் அண்டகத்தில் சுரக்கும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தம் செயலின் அளவையும் தன்மையையும் மாற்றிக்கொள்கின்றன. நரம்பு அறிவியல் இதனை நெடுங்காலம் ஓர் இடையூறாகக் கருதி, அந்த இடையூற்றுக்கு அஞ்சிப் பெண் எலியையே ஆய்வுக்கூடத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. மூளை இயங்கும் இயல்பான முறைகளுள் ஒன்றே இச்சுழற்சி என்பதும், அதை விலக்கி எழுதப்பட்ட மூளை அறிவு பாதி அறிவே என்பதும் இவ்வுரையின் துணிபு.

சுழற்சியைக் கண்ணால் காணும் வழி 1917ஆம் ஆண்டில் கிடைத்தது. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சார்லஸ் ஸ்டாக்கார்டும் ஜார்ஜ் பாப்பனிகொலாவும், கினிப்பன்றியின் யோனிச் சுவரிலிருந்து உதிரும் செல்களை நாள்தோறும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அச்செல்களின் வகை ஒழுங்கான முறையில் மாறிவருவதையும், அம்மாற்றம் அண்டகத்தில் நிகழும் மாற்றத்தை அப்படியே காட்டுவதையும் நிறுவினர். விலங்கைக் கொல்லாமலும் அறுக்காமலும் அதன் உள்நிலையை அறியும் வழி அதுவரை இல்லை. பிற்காலத்தில் பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய உலகெங்கும் பயன்படும் 'பாப்' சோதனை அதே பாப்பனிகொலாவின் பெயரால் வழங்குவதையும், அச்சோதனையின் வேர் கினிப்பன்றியின் சுழற்சி ஆய்வில் இருப்பதையும் இங்கே நினைவில் கொள்வது தகும். 1922இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் லாங்கும் ஹெர்பர்ட் எவன்ஸும் இம்முறையை எலிக்குப் பொருத்தி, அதன் சுழற்சி நான்கு முதல் ஐந்து நாட்கள் நீளும் என்று விரிவான நூலாக எழுதினர். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் லாங்-எவன்ஸ் எலி இனம் அவ்விருவரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டிலேயே, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிங் ஷி வாங் என்ற சீன ஆய்வாளர், சுழல் சக்கரத்தில் தன் விருப்பப்படி ஓடவிடப்பட்ட பெண் எலி ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு ஒருமுறை மற்ற நாட்களைவிடப் பல மடங்கு தொலைவு ஓடுவதையும், அந்த நாள் சினைப்பருவத்தோடு பொருந்துவதையும் காட்டினார். அண்டகங்களை அகற்றினால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். அண்டகத்தின் சுரப்பு மூளையை எட்டி நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு அளந்து காட்டத்தக்க முதற்சான்றுகளுள் இது ஒன்று.

சினைப்பருவச் சுழற்சி நான்கு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. முதலாவதான முன்சினைப்பருவத்தில் அண்டகத்தின் நுண்பைகள் முதிர்ந்து, ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்களுள் வலிமை மிக்கதான எஸ்ட்ராடையால் நண்பகல் அளவில் உச்சத்தை அடைகிறது. அந்த உச்சம் மூளையைத் தூண்ட, பிற்பகலிலும் மாலையிலும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து லூட்டினைசிங் ஹார்மோன் பெருக்கெடுக்கிறது. அதனை அடுத்துப் புரோஜெஸ்டிரோன் உயர்கிறது. அன்றிரவு விலங்கு ஆண் எலியை ஏற்கிறது, விடியலுக்கு முந்தைய மணிகளில் அண்டம் விடுபடுகிறது. மறுநாள் இரண்டாம் கட்டமான சினைப்பருவம்; அதற்குள் ஹார்மோன்கள் பெரும்பாலும் தாழ்ந்துவிடுகின்றன. அதன்பின் வருபவை பின்சினைப்பருவமும் ஓய்வுப்பருவமும். இவற்றின்போது புரோஜெஸ்டிரோன் சிறிதளவு உயர்ந்து தாழ, அடுத்த சுற்றுக்கான நுண்பைகள் வளரத் தொடங்கி, எஸ்ட்ராடையால் மெல்ல ஏறுகிறது. மனிதப் பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சியில் அண்டம் விடுபட்டபின் ஏறத்தாழ இரண்டு வாரம் நீளும் புரோஜெஸ்டிரோன் கட்டம் எலிக்கு இல்லை. சேர்க்கை நிகழ்ந்தால் மட்டுமே அதன் அண்டகம் அந்த ஹார்மோனை நீடித்துச் சுரக்கும். எலிக்கு உதிரப்போக்கும் இல்லை. கொறிணிகளில் மாதவிடாய் காணும் இனம் ஒன்று உண்டு என்பது 2017இல்தான் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. அந்த முள்மயிர்ச் சுண்டெலியின் சுழற்சி சராசரியாக ஒன்பது நாட்கள் நீள்கிறது.

அண்டகம் மூளையை ஆள்வதாக இதுவரை சொன்னது பாதி உண்மையே. அண்டகத்துக்கு ஆணையிடுவதும் மூளைதான் என்பதை 1950இல் ஜான் எவரெட்டும் சார்லஸ் சாயரும் மிக எளிய ஒரு சோதனையால் காட்டினர். முன்சினைப்பருவ நாளில் பிற்பகல் 2 மணிக்கு முன்பாக எலிக்கு உறக்கமூட்டும் பார்பிட்டுரேட் மருந்தைச் செலுத்தினால் அன்றிரவு அண்டம் விடுபடுவதில்லை. 4 மணிக்கு மேல் செலுத்தினாலோ எந்தத் தடையும் ஏற்படுவதில்லை. இதைவிட வியப்பானது, அண்டம் விடுபடுதல் சில மணி நேரம் தள்ளிப்போகாமல் சரியாக 24 மணி நேரம் தள்ளிப்போனதும், மறுநாளும் அதே பிற்பகலில் மருந்து கொடுத்தால் அது மேலும் ஒருநாள் தள்ளிப்போனதும் ஆகும். ஆகவே அண்டகம் முதிர்ந்து காத்திருந்தாலும், மூளைக்குள் நாளை அளக்கும் கடிகாரம் ஒன்று குறித்த மணியில் ஆணை பிறப்பித்தாக வேண்டும். ஹைப்போதலாமஸ் பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு மேலே அமைந்துள்ள நரம்பணுத் திரளே அந்தக் கடிகாரம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆணையை ஏந்திச் செல்லும் வேதிப்பொருளான கொனடோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனின் அமைப்பை 1971இல் ஆண்ட்ரு ஷாலியின் குழுவும் ரோஜர் கில்மாவின் குழுவும் கண்டறிந்தன. அதற்கான 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர்களோடு பகிர்ந்துகொண்ட ரோசலின் யாலோ, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோனையும் அளக்கும் கதிரியக்க முறையை உருவாக்கியவர். அந்த அளவீட்டு முறை இல்லாதிருந்தால் எலியின் நான்கு நாட்களை மணிக்கணக்கில் வரைபடமாக்க ஒருவராலும் இயன்றிராது.

ஆயினும் நெடுநாள் விடுபடாத ஒரு முடிச்சு இருந்தது. எஸ்ட்ராடையால் பெரும்பாலான நாட்களில் மூளையின் ஆணையை அடக்கி வைக்கிறது. முன்சினைப்பருவத்தில் மட்டும் அதே ஹார்மோன் அந்த ஆணையைப் பெருக்குகிறது. ஒரே பொருள் எதிரெதிரான இரு வேலைகளைச் செய்வது எவ்வாறு? ஆணை பிறப்பிக்கும் நரம்பணுக்களில் ஈஸ்ட்ரோஜனை உணரும் முதன்மையான ஏற்பி இல்லாதது முடிச்சை மேலும் இறுக்கியது. கிஸ்பெப்டின் என்ற சிறுபுரதத்தின் பங்கு 2003ஆம் ஆண்டுக்குப் பின் வெளிப்பட்டபோது விடை கிடைத்தது. கிஸ்பெப்டினைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸின் இருவேறு இடங்களில் உள்ளன. ஓரிடத்தில் எஸ்ட்ராடையால் அதன் உற்பத்தியைக் குறைக்கிறது, முன்புறத்தில் உள்ள மற்றோரிடத்தில் கூட்டுகிறது. அந்த முன்புறத் திரள் பெண் கொறிணியில் பெரிதாகவும் ஆணில் மிகச் சிறிதாகவும் அமைந்திருப்பதால்தான், ஆண் எலிக்கு எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் பெண்ணுக்கு நேரும் ஹார்மோன் பெருக்கு அதற்கு நேர்வதில்லை.

இந்த ஹார்மோன்கள் மூளைக்குள் நுழையத் தடையேதும் இல்லை. அவை கொழுப்பில் கரைவதால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடந்து நரம்பணுவுக்குள் சென்று, அங்குள்ள ஏற்பிகளோடு இணைந்து மரபணுக்களின் வெளிப்பாட்டை மாற்றுகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கு ஆல்ஃபா ஏற்பி மட்டுமே உண்டு என்று கருதப்பட்டுவந்த நிலை, 1996இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பீட்டா ஏற்பியை, அதுவும் ஆண் எலியின் புரோஸ்டேட் சுரப்பியில், கண்டெடுத்ததும் மாறியது. மரபணு வழியே நிகழும் மாற்றம் வெளிப்பட மணிக்கணக்கோ நாட்கணக்கோ ஆகும். செல்லின் சவ்வில் உள்ள ஏற்பிகள் வழியே நிகழ்வதோ நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே ஒரு குறித்த மணியில் எலியின் மூளையில் காணப்படும் நிலை அந்த மணியின் ஹார்மோன் அளவை மட்டும் காட்டுவதில்லை. முந்தைய இரண்டு நாட்களின் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. இதைக் கருதாமல் இரத்த அளவை மட்டும் நோக்கிய பல ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றியதில் வியப்பில்லை.

புரோஜெஸ்டிரோனின் கதை இவற்றுள் தனிச்சிறப்புடையது. 1941இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே, புரோஜெஸ்டிரோனை மிகுதியாகச் செலுத்திய எலிகள் அறுவைக்கு மயக்கப்பட்டவை போல உணர்விழந்து கிடப்பதைக் கண்டு எழுதினார். கருவைத் தாங்கும் ஹார்மோன் மயக்க மருந்தாக வேலை செய்வது ஏன் என்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் விடை இல்லை. 1986இல் மரியா மயேவ்ஸ்காவும் உடனாய்வாளர்களும், புரோஜெஸ்டிரோன் சிதைந்து உருவாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் காபா ஏற்பியின் மீது பார்பிட்டுரேட்டைப் போலவே வேலை செய்கிறது என்று நிறுவினர். காபா என்பது மூளையின் முதன்மையான அடக்கும் கடத்தி. அது ஏற்பியில் அமர்ந்தால் குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் புகுந்து, அந்த நரம்பணு கிளர்ச்சியுறுவது தடைப்படும். அல்லோபிரெக்னனலோன் அந்த வாயில் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. அதனை உருவாக்கத் தேவையான இரு நொதிகளும் மூளைக்குள்ளேயே இருப்பதால், மூளை தனக்கு வேண்டிய அமைதியூட்டியைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இந்த அடக்கம் இருவகைப்படும். நரம்பிணைப்பில் காபா வெளிப்படும் கணத்தில் எழுந்து மறையும் அடக்கம் ஒன்று. இணைப்புக்கு வெளியே, செல்லைச் சூழ்ந்த நீர்மத்தில் எப்போதும் இருக்கும் சிறிதளவு காபாவினால் இடைவிடாது நிகழும் அடக்கம் மற்றொன்று. மடையைத் திறந்து பாய்ச்சும் நீருக்கும் வரப்பினடியில் ஓயாமல் கசியும் நீருக்கும் உள்ள வேறுபாடே இவற்றுக்கிடையிலும் உள்ளது. வயலின் ஈரத்தைக் காப்பதில் கசிவின் பங்கு சிறிதன்று. இரண்டாம் வகை அடக்கத்துக்கு உரிய ஏற்பிகளில் டெல்டா என்னும் துணைக்கூறு அமைந்திருக்கிறது, அல்லோபிரெக்னனலோன் மிக மெலிந்த அளவிலேயே பற்றுவதும் அவற்றைத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேமி மெகுவயரும் இஸ்த்வான் மோடியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பெண் சுண்டெலியின் மூளையில் நினைவுக்கு உரிய பகுதியான ஹிப்போகாம்பஸில் டெல்டா கொண்ட ஏற்பிகள் ஓய்வுப்பருவத்தின் பிற்பகுதியில் பெருகுவதையும், அக்கட்டத்தில் விலங்கின் பதற்றமும் வலிப்புக்கு ஆளாகும் தன்மையும் குறைவதையும் காட்டியது. டெல்டா உற்பத்தியைச் செயற்கையாகத் தடுத்தபோது அந்தப் பாதுகாப்பு மறைந்தது. சுழற்சியின் போக்கில் ஹார்மோனின் அளவு மட்டும் மாறுவதில்லை, ஹார்மோனை ஏற்கும் கருவியே மாற்றி அமைக்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

ஏற்றத்தைவிட இறக்கம் கொடியதாகவும் இருக்கக்கூடும். ஷெரில் ஸ்மித்தின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், பல நாட்கள் தொடர்ந்து புரோஜெஸ்டிரோன் பெற்ற எலிகளிடமிருந்து அதனைத் திடீரென நிறுத்தியபோது, காபா ஏற்பியில் ஆல்ஃபா-4 என்னும் வேறொரு துணைக்கூறு பெருகிற்று; விலங்குகள் பதற்றமுற்றன, வலிப்புக்கு எளிதில் ஆளாயின, வழக்கமான அமைதியூட்டும் மருந்துகள் அவற்றிடம் பயனற்றுப் போயின. குடிப்பழக்கத்தையோ தூக்க மாத்திரையையோ திடீரென விட்டவருக்கு நேரும் துன்பத்தின் வேதியியலும் இதனை ஒத்ததே. பேறுகாலத்தின் இறுதியில் உச்சத்தில் இருக்கும் புரோஜெஸ்டிரோன், பிள்ளைப்பேற்றின்பின் சில நாட்களுக்குள் சரிந்துவிடுவதால் தாய்மாரில் சிலருக்கு நேரும் கடும் மனச்சோர்வை இந்த அறிவின் வழியே அணுகியதன் பயனாக, அல்லோபிரெக்னனலோனையே மருந்தாக்கிய பிரெக்ஸனலோன் 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 60 மணி நேரம் நரம்பு வழியே செலுத்த வேண்டிய அம்மருந்தைத் தொடர்ந்து, வாய் வழியே 14 நாட்கள் உட்கொள்ளத்தக்க சுரனலோன் 2023இல் வந்தது. செல்யேயின் எலிகள் மயங்கிக் கிடந்த ஆண்டுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். பெண் விலங்கின் வேதியியலைத் தொடர்ந்து கவனித்திருந்தால் அந்த இடைவெளி இவ்வளவு நீண்டிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எஸ்ட்ராடையாலின் தாக்கத்தில் அனைவரையும் திகைக்க வைத்தது ஹிப்போகாம்பஸ் பற்றிய கண்டுபிடிப்பாகும். வளர்ந்த விலங்கின் மூளையில் நரம்பணுக்களின் உருவம் நிலைபெற்றுவிட்டது என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கேத்தரின் வூலி, எலிசபெத் கூல்டு ஆகியோர் 1990இல், வெள்ளி உப்பினால் நரம்பணுவைக் கருமையாக்கிக் காட்டும் பழைய கோல்ஜி முறையைக் கையாண்டு, ஹிப்போகாம்பஸின் ஒரு குறித்த பகுதியில் நரம்பணுக் கிளைகளின் மீது அரும்பியிருக்கும் நுண்முட்களை எண்ணினர். பிற நரம்பணுக்களின் செய்தியை ஏற்கும் இணைப்புகள் பெரும்பாலும் இந்த முட்களின் மீதே அமைகின்றன. முன்சினைப்பருவத்தில் செறிந்திருந்த முட்கள், ஒருநாள் கழித்துச் சினைப்பருவத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன. அண்டகங்களை அகற்றினால் முட்கள் குறைந்தன. எஸ்ட்ராடையாலை ஊசி வழியே அளித்தால் இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் செறிந்தன. நினைவுக்கு உரிய பகுதியில் செய்தி ஏற்கும் இணைப்புகளில் பெருந்தொகை நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை முளைத்து மறைகிறது என்னும் முடிவைப் பலர் எளிதில் நம்பவில்லை. மின்னணு நுண்ணோக்கியின் வழியே இணைப்புகளையே எண்ணிப் பார்த்த பின்னாய்வுகள் அதனை உறுதிப்படுத்தின.

முட்கள் முளைப்பதன் வழியும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. எஸ்ட்ராடையால் முதலில் அடக்கும் நரம்பணுக்களின் காபா உற்பத்தியைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. அதனால் முதன்மை நரம்பணுக்கள் மிகுதியாகக் கிளர்ச்சியுற்று, குளூட்டமேட் என்னும் கிளர்த்தும் கடத்தியின் என்எம்டிஏ வகை ஏற்பிகள் வழியே கால்சியம் உட்புகுந்து புதிய முட்களைத் தோற்றுவிக்கிறது. அந்த ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டால், எஸ்ட்ராடையால் இருந்தும் முட்கள் தோன்றுவதில்லை. கிளர்ச்சி மிகுவதற்கு விலையும் உண்டு. 1968இலேயே டெராசாவாவும் டிமிராஸும், ஹிப்போகாம்பஸை மின்சாரத்தால் தூண்டி வலிப்பை எழுப்பத் தேவையான அளவு முன்சினைப்பருவத்தில்தான் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டிருந்தனர். முட்களோடு வேறு மாற்றங்களும் சேர்ந்து வருகின்றன: ஹிப்போகாம்பஸின் வேறொரு பகுதியில் புதிய செல்கள் பிறக்கும் வேகம் முன்சினைப்பருவத்தில் மிகுவதை 1999இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று, நரம்பணுக் கருவில் டிஎன்ஏ மடிந்து கிடக்கும் முறையே சுழற்சியோடு மாறுவதை 2019இல் மரியா குண்டகோவிச்சின் குழு காட்டிற்று.

டோபமின் என்பது விரும்பியதை நாடவும் நாடியதை மீண்டும் செய்யவும் தூண்டும் கடத்தி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜில் பெக்கர் 1980களிலிருந்து செய்துவந்த ஆய்வுகள், மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமின் அளவு முன்சினைப்பருவத்திலும் சினைப்பருவத்திலும் ஓய்வுப்பருவத்தைவிட உயர்ந்திருப்பதையும், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருளுக்கு அக்கட்டங்களில் அது மேலும் மிகுதியாக வெளிப்படுவதையும் காட்டின. 1923இல் வாங்கின் எலிகள் நான்கு நாட்களுக்கு ஒருமுறை விரைந்தோடியதற்கான வேதியியல் காரணங்களுள் ஒன்று இங்கே கிடைக்கிறது. 2017இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியிலிருந்து வந்த ஆய்வு, சினைப்பருவத்துச் சுண்டெலியின் டோபமின் நரம்பணுக்கள் மிகுதியாகக் கிளர்ச்சியுறுவதையும், கொக்கெயின் அவற்றிடம் கூடுதல் வலிமையோடு வேலை செய்வதையும் கண்டது.

புலனுணர்வு வரைக்கும் இச்சுழற்சி எட்டுகிறது என்பது பலர் எதிர்பாராதது. கொறிணிகள் தம் இனத்தாரின் மணக்குறிகளை மூக்கின் அடியிலுள்ள தனியுறுப்பு ஒன்றால் அறிகின்றன. லிசா ஸ்டோவர்ஸின் குழு 2015இல், ஓய்வுப்பருவத்துப் புரோஜெஸ்டிரோன் அந்த உறுப்பில் ஆண் சுண்டெலியின் மணத்தை உணரும் நரம்பணுக்களை மட்டும் ஓய வைப்பதையும், பூனையின் மணத்தை உணரும் நரம்பணுக்களைத் தொடாமல் விட்டுவிடுவதையும் வெளிப்படுத்திற்று. மூளை தீர்மானிக்கும் முன்னரே, புலனின் வாயிலிலேயே, எதை உணர வேண்டும் என்பதை ஹார்மோன் வகுத்துவிடுகிறது. உயிர் காக்கும் எச்சரிக்கைக்கோ எக்கட்டத்திலும் குறைவு வைப்பதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண் விலங்கை ஏற்பதை ஆளும் ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களுக்கும் அவற்றின் செய்தியைப் பெறும் முன்புறப் பகுதிக்கும் இடையிலான செயல்படும் இணைப்பு, ஆண் விலங்கை ஏற்கும் கட்டத்தில் மும்மடங்காகப் பெருகிப் பின் சுருங்குவதைக் காட்டினர்.

அச்சத்தையும் நெருக்கடியையும் பற்றிய ஆய்வுகள் மருத்துவத்துக்கு நெருக்கமானவை. ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கிய எலிக்கு, பின்னர் அதிர்ச்சியின்றி ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் அச்சம் தணியும். மொகம்மது மிலாதின் குழு 2009இல், இந்தத் தணிப்புப் பயிற்சியை முன்சினைப்பருவத்தில் பெற்ற எலிகள் மறுநாள் அச்சமின்றி இருந்ததையும், பின்சினைப்பருவத்தில் பெற்றவை அச்சத்துக்குத் திரும்பியதையும் கண்டது. ஒரே சிகிச்சை, ஒரே விலங்கினம். வேறுபட்டது சுழற்சியின் நாள் மட்டுமே. டிரேசி ஷோர்ஸின் 2001ஆம் ஆண்டு ஆய்வு மேலும் கூர்மையானது: கடும் நெருக்கடிக்கு ஆளான ஆண் எலியின் ஹிப்போகாம்பஸில் முட்கள் பெருக, முன்சினைப்பருவத்துப் பெண் எலியிடம் அவை குறைந்தன. ஆணில் கண்டதைப் பெண்ணுக்கும் பொருத்தியிருந்தால், அளவில் மட்டுமல்லாது திசையிலேயே தவறு நேர்ந்திருக்கும்.

இத்தனைக்குப் பின்னும் நரம்பு அறிவியல் பெண் விலங்கைத் தவிர்த்தே வந்தது. அன்னலீஸ் பீரியும் இர்விங் சக்கரும் 2009ஆம் ஆண்டின் ஆய்விதழ்களைத் தொகுத்துப் பார்த்து 2011இல் எழுதிய கட்டுரையின்படி, ஒரு பாலினத்தை மட்டும் கொண்டு செய்யப்பட்ட நரம்பு அறிவியல் ஆய்வுகளில், பெண் விலங்கைக் கொண்ட ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண் விலங்கைக் கொண்டவை 5.5 இருந்தன. பெண்ணின் சுழற்சி அளவீடுகளைச் சிதறடிக்கும், நான்கு கட்டங்களையும் தனித்தனியே ஆராய நான்கு மடங்கு விலங்குகள் வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அந்தக் காரணத்தையே சோதித்துப் பார்த்தவர்கள் பிரையன் பிரெண்டர்காஸ்டும் அவருடைய குழுவும் ஆவர். 293 ஆய்வுக்கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்து 2014இல் அவர்கள் கண்ட முடிவு, சுழற்சியின் கட்டத்தைக் கருதாமல் எடுத்துக்கொள்ளப்பட்ட பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண்களுடையவற்றைவிடக் கூடுதலாகச் சிதறவில்லை என்பதாகும். விலங்குகளைக் கூட்டமாக அடைத்து வளர்ப்பது இருபாலிலும் சிதறலை 37 விழுக்காடு கூட்டிற்று. அதற்கு அஞ்சி ஒருவரும் எலிகளை விலக்கவில்லை. ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது, கூண்டுக்குள் யார் மேலோங்கியவர் என்பதற்கேற்பவும் மாறுகிறது. அந்த மாறுபாடு என்றும் இடையூறு என்று பெயர் பெறவில்லை.

மூளையின் வேதியியல் இவ்வளவு மாறும்போது அளவீடுகள் சிதறாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சந்தீப் ராபர்ட் தத்தாவின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவுகிறது. திறந்த வெளியில் தன்போக்கில் உலவும் சுண்டெலியின் நடத்தையைக் கணினி வழியே நுணுகிப் பகுத்தபோது, சுழற்சியின் கட்டம் விளைத்த மாற்றம் சிறிதே. ஒரு விலங்குக்கும் மற்றொரு விலங்குக்கும் உள்ள வேறுபாடே பெரிது. இதிலிருந்து ஓரளவுக்குத் துணிந்து சொல்லத்தக்கது, மூளை தன் உட்கூறுகளை மாற்றிக்கொண்டே தன் வெளிநடத்தையின் பெரும்பகுதியை நிலையாகக் காக்கிறது என்பதாகும். ஏற்பிகளும் முட்களும் மாறுவது நடத்தையைக் குலைக்கவே என்று எண்ணுவது தவறு. மாறும் ஹார்மோனுக்கு நடுவே நடத்தையை நிலைநிறுத்தவும் அவை மாறுகின்றன. அந்த ஈடுகட்டல் தவறும் இடத்தில்தான், நெருக்கடியிலோ போதையிலோ வலிப்பிலோ, சுழற்சியின் கட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது.

எலியிலிருந்து பெண்ணுக்குத் தாவுவதில் எச்சரிக்கை வேண்டும். நான்கு நாட்களில் முடியும் சுழற்சியை ஒரு மாதச் சுழற்சியின் சுருக்கமாகக் கொள்ள இயலாது. எலியின் சுழற்சி முதுமையில் நின்றுபோவதற்கு முதன்மைக் காரணம் மூளையின் தளர்ச்சி, பெண்ணுக்கோ அண்டகத்தின் நுண்பைகள் தீர்ந்துபோவது. பெண்ணின் மனநிலையை ஹார்மோனின் கையில் ஒப்படைத்துப் பேசுவதற்கும் இவ்வாய்வுகளில் ஆதாரம் இல்லை. பீட்டர் ஷ்மிட்டும் டேவிட் ரூபினோவும் 1998இல் காட்டியபடி, மாதவிடாய்க்கு முன் கடுமையான மனத்துன்பம் அடையும் பெண்களின் ஹார்மோன் அளவுகள் மற்றவர்களுடையவற்றைப் போலவே இருந்தன. அவர்களின் மூளை அந்த இயல்பான அளவுகளுக்குத் தந்த மறுமொழியே வேறாக இருந்தது. அந்த மறுமொழி எங்கே, எந்த ஏற்பியில் வேறுபடுகிறது என்பதைத் தேடுவதற்குக் கொறிணி ஆய்வு வழிகாட்ட முடியும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தகாது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2014இல் அறிவித்து 2016 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய விதி, தம் நிதியைப் பெறும் விலங்காய்வுகள் பாலினத்தை ஓர் உயிரியல் காரணியாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. அது நல்ல தொடக்கம். இருபால் விலங்குகளையும் சேர்த்துவிட்டு அவற்றின் அளவீடுகளைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாகக் கலந்துவிடும் ஆய்வினால் அவ்விதியின் நோக்கம் நிறைவேறாது. கேள்விக்குத் தொடர்பு இருக்கும் இடத்தில் பெண் விலங்கின் சுழற்சிக் கட்டத்தையும் குறித்து வைக்க வேண்டும், நொதிகளையும் ஏற்பிகளையும் இரு பாலிலும் அளக்க வேண்டும். ஆண் விலங்குகளை மட்டும் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு அதனைத் தன் தலைப்பிலேயே வெளிப்படச் சொல்லுமாறு ஆய்விதழ்களின் ஆசிரியர்களும், ஆய்வுத் திட்டங்களை ஒப்பும் குழுக்களும், மாணவர்க்கு வழிகாட்டும் பேராசிரியர்களும் இனியேனும் வற்புறுத்த வேண்டும்.